மரப்பூமியை வலம் வர வைத்த கதை

ஈசன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. உளி பிடித்த கை இது, பேனாவில் கொஞ்சம் சறுக்கும். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் ஓய்வு பெற்று ஏழெட்டு மாதம் ஆகிறது. பட்டறையில் என் இடத்துக்கு வந்திருக்கும் சிவராமன் போன வாரம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பல்சக்கரம். கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல மிஷினே வெட்டித் தந்ததாம். ஓரமெல்லாம் தீய்ந்த வாசனை. பல் ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு சுத்தம். "நல்லா இருக்குப்பா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"மேஸ்திரி, நீங்க கையால வெட்டுன காலத்துல எங்கெங்க தப்பு வந்துச்சுன்னு எழுதிக் குடுங்க. சரியா வந்ததைத்தான் எல்லாரும் சொல்றாங்க, தப்பு வந்ததை ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றார்.

தப்பு நிறைய உண்டு. ஆனால் ஒன்றைச் சொன்னால் போதும். அதில் எல்லாம் அடங்கிவிடும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் தங்கவேலு. பதினேழு வயதில் ஊரில் இருந்த ஒரு பஞ்சாலையில் சேர்ந்தேன். மர வேலைப் பகுதி. மிஷினில் ஒரு இரும்புச் சக்கரம் உடைந்தால், அதே மாதிரி மரத்தில் முதலில் நாங்கள் செய்து கொடுப்போம். அதை மண்ணில் பதித்து இரும்பை ஊற்றி வார்ப்பார்கள். இரும்பு ஆறினால் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைக் கணக்குப் பண்ணி மரத்தைக் கொஞ்சம் பெரிசாகச் செய்ய வேண்டும். அதற்கென்றே ஒரு அளவுகோல் உண்டு. அதில் ஒரு அடி என்பது கடையில் வாங்கும் ஒரு அடியைவிட ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூட இருக்கும். இரண்டு கோலையும் மாற்றி எடுத்துவிட்டால் வேலை குப்பைக்குப் போகும். மில்லில் நான் கற்றுக்கொண்டது இரண்டே பாடம். கோலைப் பார்த்து எடு. படத்தில் இருப்பதை உன் இஷ்டத்துக்கு மாற்றாதே, சந்தேகம் வந்தால் வரைந்தவரைக் கேள். முப்பத்து மூன்று வருஷம் இந்த இரண்டையும் மீறினதில்லை.

பிறகு மில் நின்றுபோனது. ஒன்றரை வருஷம் ஜன்னல், கதவு, பூஜை அலமாரி என்று கிடைத்த வேலையைச் செய்தேன். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும், பள்ளிக்கூடங்களுக்குப் பாடக் கருவி செய்து கொடுக்கிற ஒரு சின்னப் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

பட்டறையின் பொறுப்பில் இருந்தவர் முசே அந்துவான். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. ஊரில் பிரெஞ்சுப் பள்ளியில் விஞ்ஞானம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு, இந்த வேலைக்காகத் திரும்பக் கூப்பிடப்பட்டவர். நல்ல உயரம். வெள்ளை அரைக்கைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். காலை எட்டரைக்கு உள்ளே வந்ததும் பெருக்குகிற அஞ்சலையில் இருந்து ஆரம்பித்து எல்லாருக்கும் "போன்சூர்" சொல்வார். அஞ்சலை கடலோரத்தில் இருக்கும் வைத்திக்குப்பத்துக்காரி. அவளும் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "போன்சூர் முசே" என்பாள்.

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. வேலை சரியில்லை என்றால் அந்தச் சாமானைத் தன் மேஜை மேல் வைத்து, மேலே தன் கைக்குட்டையை விரித்து மூடிவிடுவார். நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை நன்றாக இருந்தால் "பா மால்" என்பார். பிரெஞ்சில் 'மோசமில்லை' என்று அர்த்தமாம். அதற்கு மேல் அவர் வாயில் இருந்து வேறு பாராட்டு வந்ததே கிடையாது. நாங்கள் அந்த 'மோசமில்லை'க்காகத் தவம் கிடப்போம்.

சேர்ந்த அன்றே அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். "தங்கவேலு, உன்னை நான் தற்காலிகமாத்தான் எடுக்க முடியும். மாசி கடைசியில கல்வித் துறையில இருந்து ஒரு குழு வரும். மரப் பகுதி வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணப் போறாங்க. அவங்க முன்னால ஒரு பெரிய சாமான் வைக்கணும். அது புடிச்சிருந்தா உனக்கு வேலை நிரந்தரம். இல்லேன்னா பங்குனியோட சரி."

"என்ன சாமான் முசே?"

"சூரியன், பூமி, சந்திரன். மூணும் ஓடணும். மரத்துல."

ஐம்பத்திரண்டு வயது ஆளை இனிமேல் யார் வேலைக்கு வைப்பார்கள்? "செஞ்சுடலாம் முசே" என்றேன். வீட்டுக்கு வந்து சாமி விளக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று உறைத்தது.

என்ன வேலை என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். வட்டமான ஒரு மேடை, நாலடி அகலம். நடுவில் சூரியனுக்குப் பதில் ஒரு நாற்பது வாட் பல்பு. அதில் இருந்து ஒரு கை நீண்டு போகும். கையின் நுனியில் பூமி, ஆரஞ்சுப் பழம் அளவு. பூமியைச் சுற்றி ஒரு கம்பியின் நுனியில் சந்திரன், இலந்தைப் பழம் அளவு. மேடையின் பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் பூமி தானும் சுழன்றுகொண்டு சூரியனையும் சுற்ற வேண்டும். சந்திரன் பூமியைச் சுற்ற வேண்டும். எல்லாம் அதனதன் கணக்கில்.

பூமி சாய்ந்து நிற்கிறது, அதன் தலை எப்போதும் துருவ நட்சத்திரத்தையே பார்க்கிறது, அதனால்தான் வெயில் காலமும் பனிக் காலமும் வருகிறது என்று முசே சொன்னார். கை சுற்றும்போது பூமியின் தலையும் சேர்ந்து திரும்பிவிடக் கூடாது. இதற்கு அவரே வழி காட்டினார். ஒரே அளவுப் பல்சக்கரம் மூன்றை வரிசையாக வைக்க வேண்டும். முதல் சக்கரம் நடுத் தூணோடு அசையாமல் இருக்கும். இரண்டாவது சும்மா நடுவில். பூமியைத் தாங்கும் மூன்றாவது, கையோடு ஊரெல்லாம் சுற்றி வந்தாலும் முகம் மட்டும் திரும்பவே திரும்பாது. நம்பவில்லை நான். அட்டையில் வெட்டி ஊசி குத்திச் சுற்றிப் பார்த்தேன். திரும்பவில்லை. பக்தி உள்ளவன் மனசு மாதிரி இருந்தது அந்த மூன்றாவது சக்கரம்.

சந்திரன் கணக்குத்தான் என் பங்கு. ஒரு வருஷத்தில் அமாவாசை பன்னிரண்டும் இல்லை, பதின்மூன்றும் இல்லை. முசே புத்தகத்தைப் பார்த்து ஏதோ புள்ளி வைத்த எண் சொன்னார். புள்ளி வைத்த எண்ணுக்குப் பல் வெட்ட முடியாது. பாதிப் பல்லை எங்கே வைப்பது? எங்கள் வீட்டில் பழைய பஞ்சாங்கத்தைத் தூக்கிப் போடுகிற வழக்கம் இல்லை. என் மனைவி தனலட்சுமி வருஷா வருஷம் மஞ்சள் துணியில் சுற்றிப் பரண் மேல் வைத்துவிடுவாள். அதை இறக்கி, சித்திரை ஒண்ணில் ஆரம்பித்து அமாவாசையை எண்ணிக்கொண்டே போனேன். எட்டு வருஷத்துக்குத் தொண்ணூற்று ஒன்பது வந்தது. வேறு எட்டு வருஷத்தை எடுத்து எண்ணினேன். அதற்கும் தொண்ணூற்று ஒன்பது.

மறுநாள் முசேவிடம் சொன்னேன். அவர் தாளில் பெருக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "எட்டு வருஷத்துக்கு ஒன்றரை நாள்தான் வித்தியாசம். இதை எங்க படிச்சே?"

"பரண் மேல முசே."

"பா மால்" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த முதல் பா மால். அன்று சாயங்காலம் கோயிலில் ஒரு தேங்காய் கூடவே உடைத்தேன்.

எட்டுப் பல்லுக்குத் தொண்ணூற்று ஒன்பது பல் என்று ஜோடி சேர்த்தால் கணக்கு சரி. ஆனால் தொண்ணூற்று ஒன்பது பல் வெட்டுவது லேசில்லை. நூறு என்றால் கவராயத்தை வைத்துப் பாதி, பாதியில் அஞ்சு பாகம் என்று பிரித்துக்கொண்டே போகலாம். தொண்ணூற்று ஒன்பதை மூன்றாக்கி, அந்த மூன்றில் ஒன்றை இன்னொரு மூன்றாக்கி, ஒவ்வொன்றையும் பதினொன்றாகப் பிரிக்க வேண்டும். பதினொன்றில்தான் கை தவறும். காகிதத்தில் வட்டம் போட்டு நாலு நாள் பிரித்து, கடைசிப் பல் முதல் பல்லோடு சரியாக வந்து சேர்ந்த பிறகுதான் மரத்தில் ஒட்டினேன். கடற்கரை ஊர், காற்றில் எப்போதும் ஈரம். ஒற்றைப் பலகையில் சக்கரம் வெட்டினால் மழைக் காலத்தில் ஊதி முட்டை வடிவம் ஆகிவிடும். மெல்லிசாக மூன்று பலகை எடுத்து, இழை ஓட்டம் ஒன்றுக்கொன்று குறுக்கே போகும்படி ஒட்டி, ஒரு வாரம் பாரம் வைத்து, பிறகுதான் அரம் பிடித்தேன். பல்லுக்குத் தேன்மெழுகு. எண்ணெய் போட்டால் தூசியைக் கூட்டிவிடும்.

வேலை பாதியில் இருக்கும்போது முசேவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. ஆபரேஷன் செய்து மூன்று வாரம் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, "சந்தேகம் வந்தா வீட்டுக்கு வா. கண்ணுதான் கட்டியிருக்கும், காது இருக்கும்" என்று சொல்லிப் போனார்.

இங்கேதான் நான் இடறினேன்.

படத்தில், மேலே இருந்து பார்க்கிற மாதிரி மூன்று வட்டம் போட்டு, சுற்றுகிற திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தார். மூன்றும் இடப்பக்கமாகப் போனது. நான் உற்றுப் பார்த்தேன். சூரிய பகவானை பூமி இடமாகச் சுற்றுவதா? நாம் பிள்ளையாரைச் சுற்றினாலும், அரச மரத்தைச் சுற்றினாலும், வலது தோள் சாமி பக்கம் இருக்கும்படி வலமாகத்தானே சுற்றுகிறோம்? சந்திரன் எப்போதும் பூமிக்கு ஒரே முகத்தைத்தான் காட்டும் என்று முசேவே சொல்லியிருந்தார். வலம் வரும்போது நம் ஒரு பக்கம் சாமியை விட்டு விலகாத மாதிரி! அப்போது சந்திரன் பூமியை வலம் வருகிறது என்றுதானே அர்த்தம்? போதாததற்கு வீட்டில் என் சாதகத்தை எடுத்துப் பார்த்தேன். கட்டத்தில் மேஷம், ரிஷபம், மிதுனம் எல்லாம் வலமாகத்தான் போகிறது.

முசே கிறிஸ்தவர், வலம் இடம் பார்த்து வளர்ந்தவர் இல்லை, கைப்போக்கில் அம்பைத் திருப்பிப் போட்டுவிட்டார் என்று முடிவு பண்ணினேன். அவர் வீடு பத்து நிமிஷ நடை. போய்க் கேட்டிருக்கலாம். கண் கட்டிப் படுத்திருக்கும் மனிதரிடம் போய் 'உங்கள் படம் தப்பு' என்று சொல்ல மனசு வரவில்லை. கைப்பிடியை வலப்பக்கம் சுற்றினால் மூன்றும் வலமாக ஓடுகிற மாதிரி நானே சரி பண்ணிவிட்டேன்.

அதோடு விட்டேனா? பிள்ளைகள் விளையாட்டாகக் கைப்பிடியை மாற்றிச் சுற்றி, சூரியனை இடமாகச் சுற்றின பாவம் வரக் கூடாது என்று, கைப்பிடித் தண்டில் சாய்வுப் பல் வைத்த ஒரு சக்கரமும் அதில் விழுந்து நிற்கிற மாதிரி ஒரு தடைக்கட்டையும் வைத்தேன். வலப்பக்கம் சுற்றினால் டக் டக் என்று ஓடும். இடப்பக்கம் சுற்றினால் கல் மாதிரி நின்றுவிடும். படத்தில் இல்லாத வேலை அது. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

குழு வருவதற்கு இரண்டு நாள் முன்னால், காலையில், எல்லாம் பொருத்தி முடித்தேன். பூமிக்கு வர்ணம் அடித்து, நம் ஊர் இருக்கும் இடத்தில் ஒரு பித்தளைக் குண்டூசி அடித்திருந்தேன். ஜன்னலைச் சாத்தி பல்பைப் போட்டுச் சுற்றினேன். முருகா! என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது. அஞ்சலை துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"இன்னா மேஸ்திரி, தேர் விடுறியா?"

"பாரு அஞ்சலை. இதான் சூரியன். இது பூமி. இந்த ஊசிதான் நம்ம ஊரு. ஊசிக்கு இந்தப் பக்கம் நீலமா இருக்கே, அது கடலு. அந்தப் பக்கம் தரை."

அவள் குனிந்து ஊசியையே பார்த்தாள். நான் மெதுவாகச் சுற்றினேன். ஊசி இருட்டில் இருந்து வெளிச்சத்துக்கு வந்தது.

"இன்னொரு வாட்டி சுத்து."

சுற்றினேன்.

"மேஸ்திரி, எங்கூட்டுக்காரு நாலு மணிக்கே கட்டுமரத்தைத் தள்ளுறாரு. நான் தெனம் கரையில நின்னு பாக்குறேன். வெளிச்சம் மொதல்ல கடல்லதான வரும்? உன் பூமியில மொதல்ல தரையில வருது, அப்பறம் ஊருக்கு வருது, கடைசியா இல்ல கடலுக்குப் போவுது? உன் ஊர்ல மேக்கால, வில்லியனூர் பக்கமா பொழுது விடியுதா?"

சிரித்துக்கொண்டே பெருக்கப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பத் திரும்பச் சுற்றினேன். அவள் சொன்னது சரி. சூரியன் தரைப் பக்கம் உதித்துக் கடலில் விழுந்தது. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். மூன்று அம்பும் இடப்பக்கமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வேலை போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, பூமியை சூரிய பகவானுக்கு இடமாகச் சுற்ற விட என் கையே போய்த் தடையை எடுக்க வேண்டுமா என்ற கலக்கம் ஒரு பக்கம். சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த தனலட்சுமியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஏங்க, நமக்கெதுக்கு அந்த ஆராய்ச்சி? முசே போட்ட மாதிரி செய்யறதுதான் உங்க வேலை. முப்பது வருசமா அதைத்தான எனக்கே சொன்னீங்க?"

"அது இல்லடி. சாமியை இடமாச் சுத்தலாமா?"

"நவக்கிரகத்துல ராகு கேதுவுக்கு ரெண்டு சுத்து நாம எடமாச் சுத்துறதில்ல?"

"அது ராகு கேதுவுக்கு. இது சூரியன், சந்திரன்."

அவள் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். "சந்திரன் எடமாப் போவுதா வலமாப் போவுதான்னு மரத்தைப் பாத்தா தெரியும்? மானத்தைப் பாத்தாத்தான தெரியும்? மூணாம் பிறையை எங்க பாக்குறோம்?"

"மேக்கால. பொழுது சாஞ்சதும்."

"அதே நேரத்துக்கு அஷ்டமியில?"

"உச்சியில."

"பௌர்ணமிக்கு?"

கடலில் இருந்து கிளம்பும் என்று சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே நின்றேன். மேற்கில் இருந்து உச்சிக்கு, உச்சியில் இருந்து கிழக்குக்கு. நாற்பது வருஷமாக மூன்றாம் பிறை தவறாமல் கும்பிடுகிறவன் நான்.

"தனம், இப்படித் தெற்கே பாத்து நில்லு. நீதான் சாமி."

"இன்னாது?"

"நில்லேன்!"

அவளை நடுவில் நிறுத்தி வலமாகச் சுற்றினேன். அவளுடைய இடது கையில் இருந்து, முகத்துக்கு முன்னால் போய், வலது கைப் பக்கம் வந்தேன். அவள் இடது கை கிழக்கே கடல் பக்கம். வலது கை மேற்கே. வலம் என்றால் கிழக்கில் இருந்து மேற்குக்குப் போக வேண்டும். சந்திரனோ நாளுக்கு நாள் மேற்கில் இருந்து கிழக்குக்கு வருகிறது. இன்னும் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன்.

பக்கத்து மாடியில் வத்தல் எடுத்துக்கொண்டிருந்த அம்மா கேட்டுவிட்டார்கள். "இன்னா மேஸ்திரி, பொண்டாட்டியையே வலம் வர்றீங்க? எதுனா வேண்டுதலா?"

"மானம் போவுது, கீழ வாங்க!" என்று தனலட்சுமி துணியை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

நான் மாடியிலேயே நின்றேன். அன்று சப்தமி. வளர்பிறை அரை வட்டமாகத் தலைக்கு மேலே இருந்தது. அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். சாமி அதை ஓட்டுகிற திசை எதுவென்று நாற்பது வருஷமாக எனக்குக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் அவருக்கு மரியாதை செய்வதாக நினைத்து, அவர் ஓட்டுகிற வண்டிக்கே தடைக்கட்டை போட்டிருக்கிறேன். மனசு லேசாகிவிட்டது. வேலை போனால் போகட்டும், காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணினேன்.

முசே மறுநாள்தான் திரும்பி வந்தார், கறுப்புக் கண்ணாடியோடு. அவர் "போன்சூர்" சொல்லி முடிப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "முசே, உங்க படத்துல அம்பு இடப்பக்கம் இருந்துது. நீங்க தப்பாப் போட்டுட்டீங்கன்னு நானே மாத்திட்டேன். தடையும் வெச்சுட்டேன். தப்பு என்னோடது."

அவர் சாமானைச் சுற்றி வந்தார். கைப்பிடியைச் சுற்றினார். மாற்றிச் சுற்றினார், நின்றது. பாக்கெட்டில் இருந்து கைக்குட்டையை எடுத்தார். நாலடி மேடைக்கு அது எங்கே போதும்? பூமி மேல் மட்டும் போட்டார்.

"எதுக்கு மாத்தினே?"

வலம் வருவதைச் சொன்னேன். சாதகக் கட்டத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கட்டத்தை ஏன் அப்படி எழுதுறாங்கன்னு எனக்குத் தெரியாது. வானத்துல இப்படித்தான். வடக்கே துருவ நட்சத்திரத்துல இருந்து பார்த்தா இடம். அதையே தெக்கே, கீழ இருந்து பார்த்தா வலம். எங்க நின்னு பாக்குறோம்கிறது ஒண்ணு இருக்கு. ஆனா தங்கவேலு, படத்தை நான் வடக்கே இருந்து பார்த்துத்தான் போட்டேன்."

"தெரியுது முசே."

"தெரியாதப்போ கேட்டிருக்கணும். பத்து நிமிஷ நடை."

முப்பத்து மூன்று வருஷ மில் வேலையில் நான் வாங்காத அடி அது.

"தடையைத் திருப்பிப் போடு. இடப்பக்கம் ஓடட்டும், வலப்பக்கம் நிக்கட்டும்" என்றார். சாய்வுப் பல் சக்கரத்தைத் தண்டில் இருந்து கழற்ற வேண்டும். மூங்கில் ஆணி அடித்துப் பசை போட்டு இறுக்கியிருந்தேன், பிள்ளைகள் கை படாத வேலையாக இருக்க வேண்டும் என்று. வெந்நீர்த் துணி சுற்றினேன். ரம்பத் தகட்டை உள்ளே விட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு சக்கரம் இரண்டாகப் பிளந்து கையில் வந்தது. புதுசாக ஒட்டினால் காய மூன்று நாள். குழு வருவது மறுநாள் காலை பத்துக்கு.

"தடை இல்லாமயே வைப்போம் முசே."

"யாராவது மாத்திச் சுத்திட்டா?"

பிளந்த சக்கரத்தை மேஜை மேல் வைத்தேன். அவர் பெருமூச்சு விட்டு, பூமி மேல் கிடந்த கைக்குட்டையைத் தானே எடுத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு நான் பேசிக்கிறேன். நீ கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

குழுவில் மூன்று பேர். இரண்டு அதிகாரிகள், ஒரு ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. முசே பல்பைப் போட்டு விளக்கினார். நான் கைப்பிடியைச் சுற்றினேன். பூமி தலையைத் திருப்பாமல் ஓடியது. சந்திரன் பூமிக்கும் பல்புக்கும் நடுவே போகும்போது அமாவாசை, பின்னால் போகும்போது பௌர்ணமி. குண்டூசிக்கு முன்னால் கடலுக்கு வெளிச்சம் வந்தது. எல்லாம் பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது ஒரு அதிகாரி, "நான் சுத்திப் பாக்கிறேன்" என்று கைப்பிடியைப் பிடித்தார். பிடித்து வலப்பக்கமாகச் சுற்றினார்.

"இது ரெண்டு பக்கமும் சுத்துதே? ஒரு பக்கம் தடை வேண்டாமா? பிள்ளைங்க தப்பாச் சுத்திட்டுப் போயிடும். இது பெரிய குறைதான்."

முசே, "அதுக்கு நேரம் போதலை" என்று ஆரம்பித்தார். நேரம் போதாதது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. என்னைக் காப்பாற்ற அந்த மனிதர் தன் வாயைக் கறைப்படுத்திக்கொள்ளப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. கேட்காமலே முன்னால் வந்தேன்.

"ஐயா, தடை வெச்சிருந்தேன். தப்பான பக்கத்துக்கு வெச்சுட்டேன். வரைபடம் சரியா இருந்துது, நான்தான் மாத்தினேன். பூமியும் சந்திரனும் வலம்தான் வரணும்னு நம்பினேன். இங்க பெருக்குற அம்மா ஊசியைப் பார்த்து, சூரியன் மேக்கால உதிக்குதேன்னு சொன்ன பிறகுதான் தெரிஞ்சுது. நேத்து சாயங்காலம் அந்தத் தடையை உடைச்சு எடுத்தேன்."

அதிகாரி முசேவைப் பார்த்தார். "நீங்க போட்ட படத்தை ஒரு தற்காலிகத் தொழிலாளி மாத்தினாரா?" முசே தலையை ஆட்டினார். அதிகாரி தாளில் என்னமோ எழுதினார். தலைமையாசிரியை மட்டும் குனிந்து, கைப்பிடியை இந்தப் பக்கம் நாலு சுற்று, அந்தப் பக்கம் நாலு சுற்று என்று சுற்றிக்கொண்டே இருந்தார். ஊசியையே பார்த்தார். மூன்று பேரும் தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர்கள் வண்டி தெருமுனை திரும்பும் வரைக்கும் பொறுத்திருந்தார் முசே. பிறகு முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "கேக்காததை ஏன்யா சொன்னே? உன் வேலையை உன் வாயாலயே கெடுத்துக்கிட்டியே!"

"நீங்க பொய் சொல்லக் கூடாது முசே. நீங்க ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறவரு."

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் சிவந்திருந்தது. ஆபரேஷன் பண்ணின கண், அதனால் இருக்கும்.

பங்குனி பிறந்தது. பதில் வரவில்லை. நான் உளி, அரம் எல்லாம் துடைத்துப் பையில் கட்டிவிட்டேன். வீட்டில் தனலட்சுமி தினமும் ஒரு விளக்கு அதிகமாக ஏற்றினாள். உத்திரத்துக்கு முதல் நாள் முசே என்னை மேஜைக்குக் கூப்பிட்டார். ஒரு தாள் இருந்தது. இங்கிலீஷ். அவர் படித்துச் சொன்னார். மரப் பகுதி தொடரும். மர வேலைக்காரர் நிரந்தரம். இதே மாதிரி இன்னும் ஆறு சாமான் செய்ய வேண்டும். கீழே, தலைமையாசிரியை தன் கையாலேயே ஒரு வரி எழுதியிருந்தார்: கைப்பிடிக்குத் தடை எதுவும் வைக்க வேண்டாம், பிள்ளைகள் தப்பாகச் சுற்றித் தாங்களே கண்டுபிடிக்கட்டும்.

முசே தாளை மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார்.

கோயிலில் நான் இன்றைக்கும் வலமாகத்தான் சுற்றுகிறேன். அது என் பணிவு. பூமி சுற்றுவது பூமியின் பணிவு. இரண்டுக்கும் சண்டை இல்லை என்று எனக்குத் தெளிந்துவிட்டது. சிவராமனுக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. மிஷின் வெட்டும் பல்லில் தப்பு வராது. ஆனால் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று மிஷினுக்கு நாம்தான் சொல்கிறோம். சொல்வதற்கு முன்னால் ஒருமுறை பத்து நிமிஷம் நடந்துவிட வேண்டும்.

அந்த ஆறு சாமானுக்கும் பலகை வந்து இறங்கிய காலையில் அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "மேஸ்திரி, இந்த ஆறும் எந்தப் பக்கமா சுத்தும்? இப்பவே சொல்லிடு, அப்பறம் நான் வந்து பாத்துச் சொல்றாப்புல வெச்சுக்காத."

"ரெண்டு பக்கமும் சுத்தும் அஞ்சலை" என்றேன். "வந்து பாத்துச் சொல்லு."